அம்மா வேலையை விட்டுவிட்டாள்

கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. அதற்குள் அம்மா விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

"இன்னையிலிருந்து நான் வரமாட்டேன்."

அக்கா விளக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். தம்பி ஷட்டருக்கு அடியில் கையைக் கொடுத்தபடி குனிந்து நின்றான். இருவரும் அம்மாவைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அப்படிப் பார்த்தே இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"உடம்புக்கு என்ன?" என்றாள் அக்கா.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. வேலையத்தான் விடுறேன்."

"கல்லாவுல உக்கார்றதையா?" என்றான் தம்பி.

"அது என்ன பெரிய வேலை. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஓடுறேன்ல, அந்த வேலைய."

அம்மா கைப்பையைத் திறந்து ஒரு கார்டை எடுத்துக் கல்லா மேல் வைத்தாள். "இந்தம்மா முன்னாடி வக்கீலா இருந்தவங்க. இப்ப குடும்பச் சண்டைய கோர்ட்டுக்குப் போகவிடாம உக்காரவெச்சுப் பேசித் தீர்க்கறாங்க. இனிமே என் வேலைய அவங்க பாப்பாங்க. வியாழக்கிழமை சாயங்காலம் ரெண்டு பேரும் போறீங்க."

"நான் ஏற்கனவே வக்கீலப் பாத்திருக்கேன்" என்றாள் அக்கா.

"தெரியும். உன் வீட்டுக்காரர் சொன்னார். அதனாலதான் இத ஏற்பாடு பண்ணேன்."

சொல்லிவிட்டு, வந்த வழியே பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டாள்.

அது மூக்குக் கண்ணாடிக் கடை. ஒரு பக்கம் மருந்துக்கடை, மறுபக்கம் செருப்புக்கடை. முன்னால் ஃப்ரேம்கள் அடுக்கிய அலமாரிகள், நடுவில் கல்லா, இடது பக்கம் கதவு போட்ட சின்ன அறை. அந்த அறையில் அக்கா கண் பரிசோதிப்பாள். கல்லாவுக்குப் பின்னால் திரை போட்ட பட்டறையில் தம்பி லென்ஸை ஃப்ரேமுக்குத் தகுந்தபடி வெட்டித் தேய்த்துப் பொருத்துவான். அப்பா போன பிறகு கடை இரண்டு பேர் பேரிலும் வந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் அவள் அக்கா, அவன் தம்பி. எழுபது வயதுப் பெரியவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

சண்டை ஒரு தையல்கார அம்மாவால் வந்தது. அவர் பாவம், ஒன்றும் செய்யவில்லை. புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடையை விட்டு இறங்கினார், அவ்வளவுதான். தரை ஒரு பக்கமாகச் சரிகிற மாதிரி தெரிந்திருக்கிறது. வாசற்படியில் கால் தப்பி விழுந்தார். கணுக்கால் பிசகியது. கண்ணாடி தெறித்துப்போய் நடுரோட்டில் விழ, மேலே ஒரு வண்டி ஏறிவிட்டது. சில கண்களுக்குப் பவரோடு ஒரு கோணமும் உண்டு. அது கொஞ்சம் திரும்பிப்போனால் போதும், நேராக இருக்கிறதெல்லாம் சாய்ந்து தெரியும். அந்தக் கோணத்தை அக்கா தப்பாக எழுதினாளா, தம்பி தப்பாகப் பொருத்தினானா என்பதுதான் கேள்வி. எழுதின சீட்டு குப்பையோடு போயிருந்தது. கண்ணாடி தூளாகியிருந்தது.

கடை நிறைய ஆள் இருக்கும்போது, "அக்கா எழுதினத அப்படியே போட்டேன். நான் என்ன பண்ண?" என்றான் தம்பி.

"எழுதினதெல்லாம் சரிதான். போட்டவனுக்குக் கவனம் எங்க இருந்துச்சோ" என்றாள் அக்கா.

தையல்கார அம்மாவுக்குக் கால் சரியாகிவிட்டது. அடுத்த கண்ணாடிக்கும் அங்கேயேதான் வந்தார். அக்காவும் தம்பியும்தான் பேச்சை விட்டார்கள்.

அதிலிருந்து அம்மா நடுவில் நின்றாள். ஏழடி தூரத்தில் திரைக்குப் பின்னால் தம்பி நிற்கும்போதே, "அம்மா, அந்த டீச்சரோட கண்ணாடி இன்னைக்கே வேணும்னு அவன்கிட்ட சொல்லு" என்பாள் அக்கா. அம்மா எழுந்து திரைக்கு அந்தப்பக்கம் போவாள். மெஷின் சத்தத்தில் என்ன பேசுகிறார்கள் என்று இங்கே கேட்காது. திரும்பி வந்து, "சாயங்காலத்துக்குள்ள தந்துடுறானாம்" என்பாள். ஒரு நாளைக்கு இப்படி எத்தனை தடவை எழுந்து உட்கார்ந்தாள் என்பதை யாரும் எண்ணவில்லை.

அம்மா இல்லாத முதல் நாள் கடையில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அக்கா சீட்டுகளை எழுதிக் கல்லா மேல் வைத்தாள். தம்பி வந்து எடுத்துக்கொண்டு போனான். பக்கத்தில் வரும்போது செருப்புச் சத்தம் கேட்கும். அக்கா உடனே ஃப்ரேம் துடைக்க ஆரம்பிப்பாள். மத்தியானம் ஒரு வங்கி அதிகாரி வந்தார். மறுநாள் ஊருக்குப் போக வேண்டும், கண்ணாடி உடனே வேண்டும் என்றார்.

"உள்ள இருக்கறவர்கிட்ட கொஞ்சம் சொல்லிடுறீங்களா, இது அவசரம்னு?" என்றாள் அக்கா.

அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் திரை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். "எல்லாமே அவசரம்னா எனக்குப் பத்துக் கை வேணும்னு சொல்றார்" என்றார், அவரே ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி.

அம்மா கொண்டுவரும் பதில் எதுவும் இவ்வளவு வெடுக்கென்று இருந்ததில்லை. அம்மா இல்லாததால் அவனுக்குத் திமிர் ஏறிவிட்டது என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை போனார்கள். ஒரே பேருந்தில், ஆளுக்கொரு கோடியில். டைல்ஸ் கடை ஒன்றின் மாடியில் அந்த அலுவலகம் இருந்தது. ஒரு பெரிய அறை, அதை ஒட்டி ஒரு சின்ன அறை. பெரிய அறையில் வட்ட மேஜை. எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் எதிரில் இருப்பவர் முகம் தெரிந்தது. அக்கா நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

சமரசம் பேசுகிற அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். குரல் தணிந்த குரல், ஆனால் முணுமுணுப்பு இல்லை. "நான் நீதிபதி இல்ல. உங்க ரெண்டு பேருல யாருக்கும் வக்கீலும் இல்ல. இங்க பேசுறது இந்த ரூமத் தாண்டாது. தனித்தனியாவும் பேசுவேன். தனியா சொன்னத, நீங்க சரின்னு சொன்னா ஒழிய, மத்தவர்கிட்ட சொல்லமாட்டேன். கடைசியில ஏதாவது ஒத்துக்கிட்டீங்கன்னா எழுதிக்கலாம். அத அவங்கவங்க வக்கீல்கிட்ட காட்டிட்டுக் கையெழுத்துப் போடலாம்."

"தப்பு யாரோடதுன்னு நீங்க எப்ப சொல்லுவீங்க?" என்றாள் அக்கா.

"சொல்லமாட்டேன்."

"அப்ப வேற யார் சொல்லுவா?"

"யாரும் சொல்லமாட்டாங்க."

அக்காவுக்கு அப்போதே எழுந்துபோய்விடலாம் போலிருந்தது. இரண்டு வருஷமாக அவள் மனதுக்குள் வாதாடிக்கொண்டே இருந்தாள்: பல் தேய்க்கும்போது, பேருந்தில், கண்ணுக்கு முன்னால் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு 'இது தெளிவா இருக்கா, அதுவா' என்று கேட்கும்போதும். யாராவது ஒரு நாள் கேட்பார்கள், கேட்டுவிட்டு 'நீதான் சரி' என்பார்கள் என்று வைத்திருந்தாள். இந்த அம்மா கேட்பாராம், சொல்லமாட்டாராம்.

அவர் பேசிக்கொண்டே கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். அக்காவின் கை தானாக மேஜை மேல் நீண்டது. "துணியால துடைக்காதீங்க மேடம், கீறல் விழும்." அவள் சொல்லி முடிப்பதற்குள் தம்பி சட்டைப் பையிலிருந்து லென்ஸ் துடைக்கும் துணியை எடுத்து நீட்டியிருந்தான். சமரசக்காரம்மா அதை வாங்கித் துடைத்துக்கொண்டார்.

அன்றைக்கு நடந்தது அவ்வளவுதான். இரண்டு பேரும் அவரைப் பார்த்துத் தங்கள் பக்கத்தைச் சொன்னார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் கூரை மின்விசிறியைப் பார்த்தார்.

அந்த வாரம் முழுக்க அக்கா வீட்டில் யாரிடமும் ஒழுங்காகப் பேசவில்லை. சமையலறைக்கும் பால்கனிக்கும் நடந்தாள். அடுப்பை அணைத்தோமா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தாள். "உக்காரேன் கொஞ்சம்" என்றார் அவள் கணவர். கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவர், எதிலும் அவசரப்படமாட்டார்.

"விடையே இல்லாத கணக்கக் குடுத்தா நீங்க உக்காருவீங்களா?"

"அப்படிக் கணக்கு நிறைய இருக்கு" என்றார் அவர். அக்காவுக்கு இன்னும் எரிச்சல்தான் வந்தது.

இரண்டாவது தடவை போனபோது, சமரசக்காரம்மா தனித்தனியாகப் பேசலாம் என்றார். முதலில் அக்கா. தம்பி சின்ன அறையில் போய்க் காத்திருந்தான்.

தனியாக இருக்கும்போது பேச்சு சுலபமாக வந்தது. கடையை இரண்டாகப் பிரித்துவிட வேண்டும் என்றாள். எட்டு மணிநேரம் ஒரு திரைக்கு இந்தப்பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியவில்லை என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு சொல்றேன். அவன்கிட்ட சொல்லவேண்டாம். போன வருஷம் அவன் மன்னிப்பு கேட்டு அம்மாகிட்ட சொல்லி அனுப்பினான். கோபத்துல பேசிட்டேன், அக்கா மனசுல வெச்சுக்க வேணாம்னு. நான்தான், அதெல்லாம் ஆள் முன்னாடி சொன்னத ஆள் இல்லாதப்ப துடைக்க முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன். சொன்னப்ப நல்லா இருந்துச்சு. அதுக்கப்புறம் உறுத்திக்கிட்டே இருக்கு. தம்பி இறங்கி வந்தான், நான் வரலையேன்னு."

சமரசக்காரம்மா பேனாவை மேஜை மேல் வைத்தார். "சரி" என்றார்.

அடுத்து தம்பியின் முறை. அக்கா சின்ன அறைக்கு வந்தாள். ஒரு சோபா, ஒரு தண்ணீர் ஜாடி, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். கீழே டைல்ஸ் கடைக்காரர்கள் லாரியிலிருந்து அட்டைப்பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், கைப்பையைத் திறந்து எதையும் எடுக்காமல் மூடினாள். சுவருக்கு அந்தப்பக்கம் தம்பியின் குரல் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. அவன் தொடர்ந்து இவ்வளவு நேரம் பேசி அவள் கேட்டு எத்தனையோ காலம் ஆயிற்று. என்ன சொல்கிறான்? ஏதோ ஒரு இடத்தில் சிரித்தான். எதற்குச் சிரிக்கிறான்? அவளைப் பற்றி என்ன சொல்லிச் சிரிக்கிறான்? சுவரில் காதை வைக்கலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். தன் வயதை நினைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய்விட்டாள்.

கதவு திறந்தது. சமரசக்காரம்மாவின் முகம் வேறு மாதிரி இருந்தது. சிரிப்பை அடக்குகிற மாதிரியும் இருந்தது, கவலைப்படுகிற மாதிரியும் இருந்தது.

"உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும். அந்த மன்னிப்பு விஷயத்த என்கிட்ட சொன்னீங்களே. அத நீங்களே அவர்கிட்ட நேரா சொல்ல முடியுமா?"

"ஏன்? அவன் என்ன சொன்னான்?"

"அத நான் சொல்ல முடியாது. அவர்கிட்டயும் இதே மாதிரி ஒண்ணு கேட்டிருக்கேன். சொல்ல விருப்பம் இல்லன்னா விட்டுடலாம். கட்டாயம் இல்ல."

அக்கா யோசித்தாள். தான் அவன் மன்னிப்பைத் தள்ளிவிட்டதை அவனிடமே ஒத்துக்கொள்வதா? ஆனால் அந்த அறையில் இன்னும் ஒரு நிமிஷம் தனியாக இருக்க முடியும் என்றும் தோன்றவில்லை. "சரி, வரேன்" என்றாள்.

வட்ட மேஜையில் மூவரும் உட்கார்ந்தார்கள். தம்பி விரல்களால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தான். நகத்தின் ஓரத்தில் லென்ஸ் தேய்த்த வெள்ளைப் பொடி அப்படியே இருந்தது.

"யார் முதல்ல?" என்றார் சமரசக்காரம்மா.

"நானே சொல்லிடுறேன்" என்றான் தம்பி. கண்ணை மேஜையில் வைத்துக்கொண்டே சொன்னான். "அக்கா, நீ மன்னிப்பு கேட்டு அனுப்பினப்ப நான் அப்படித் திருப்பி விட்டது சரியில்ல. அன்னைக்கு இருந்த கடுப்புல சொல்லிட்டேன்."

அக்காவுக்கு ஒன்றும் ஓடவில்லை. "நான் எப்ப கேட்டேன்?"

"போன வருஷம். அம்மாகிட்ட சொல்லி அனுப்பலையா?"

"நான் அனுப்பலையே. நீதான அனுப்பின."

"நானா?"

அக்கா சமரசக்காரம்மாவைப் பார்த்தாள். அவர் கையை விரித்தார்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் இடித்துக்கொண்டு பேசினார்கள். பேசுகிறோம் என்பதே அவர்களுக்கு உறைக்கவில்லை.

"என் பொறந்தநாளுக்கு, நல்லா இருக்கட்டும்னு சொல்லச் சொன்னியே?" என்றான் தம்பி.

"இல்ல."

"ஃப்ரேம் நல்லாத் தேர்ந்தெடுத்து வாங்கியிருக்கேன்னு?"

"அந்தப் பச்சை ஃப்ரேமா? அத எவன் வாங்குவான்னு கேட்டேன்."

"அம்மா வந்து, அக்காவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சாம்னு சொன்னாங்க. அதனாலதான இன்னொரு டஜன் வாங்கினேன்."

"ஓ, அதான் அலமாரி முழுக்கப் பச்சையா இருக்கா?"

தம்பி சிரித்துவிட்டான். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மனது வேறு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது. "என் பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தப்ப? ஆஸ்பத்திரியில இருந்தோமே. நீ தினமும் எப்படி இருக்கான்னு கேட்டன்னு அம்மா சொன்னாங்க. அது?"

தம்பி மேஜையைத் தட்டுவதை நிறுத்தினான். "கேட்டேன்னு நினைக்கிறேன்" என்றான். "தினமும் கேட்டேனான்னு தெரியல, அக்கா. கேட்டிருக்கணும்."

அந்தப் பதிலில் பொய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் வலித்தது. இரண்டு வருஷமாக அவள் சண்டை போட்ட தம்பி ஒருவன், இறங்கி வந்த தம்பி ஒருவன், காய்ச்சலுக்கு விசாரித்த தம்பி ஒருவன். இதில் பாதிக்குமேல் அம்மா கட்டிவிட்ட ஆள்.

அடுத்த வாரம் அம்மாவும் வந்தாள். சமரசக்காரம்மா கூப்பிட்டதால்தான் வந்தாள். பிள்ளைகள் இரண்டு பேரும் அந்த வாரம் முழுக்க அவளைப் போனில் மாறி மாறிப் பிடித்து உலுக்கியிருந்தார்கள். அம்மாவின் முகத்தில் குற்றவாளிக் களை எதுவும் இல்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எதுக்கும்மா இப்படிப் பண்ண?" என்றாள் அக்கா.

"நீங்க சொல்லி அனுப்பினத அப்படியே கொண்டுபோயிருந்தா கடை ஒரு மாசம் தாங்கியிருக்காது. இவன் ஒரு நாள் என்ன சொன்னான் தெரியுமா? அக்காவ முதல்ல அவ கண்ணையே டெஸ்ட் பண்ணச் சொல்லுன்னான். நீ என்ன சொன்ன? அவன் கையில லென்ஸக் குடுக்கறதவிட மீன் வெட்டக் குடுக்கலாம்னு. இதையெல்லாம் நான் எடுத்துக்கிட்டு திரைக்கு அந்தப்பக்கம் போகணுமா? ஏழடி தூரம். அந்த ஏழடிக்குள்ள வேற எதையாவது யோசிச்சு வெச்சுக்கணும். தினமும் அதே வேலை."

"மன்னிப்பு கேட்டதா ஏன் சொன்ன?" என்றான் தம்பி.

"ரெண்டு பேரும் கேக்கமாட்டீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. கேட்ட மாதிரி சொன்னா நீங்க இளகுவீங்கன்னு நினைச்சேன். ஒரே நாள்ல ரெண்டு பேர்கிட்டயும் சொன்னேன். ரெண்டு பேரும் வேணாம்னுட்டீங்க." அம்மாவின் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் ஆடியது. "அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல. நான் பெத்ததுங்க ரெண்டும் இப்படியான்னு இருந்துச்சு. ஆனா மறுநாள் காலைல மறுபடியும் போய் உக்காந்தேன்."

"அப்புறம் ஏன் இப்ப விட்ட?"

"குழம்பிப்போச்சுடா. எது நீ சொன்னது, எது அவ சொன்னது, எது நான் சேர்த்ததுன்னு எனக்கே தெரியல. போன மாசம் இவ என்கிட்ட, தம்பி எப்பவாவது அப்பாவப் பத்திப் பேசுறானான்னு கேட்டா. பேசுறான்னு சொன்னேன். அப்புறம் வீட்டுக்குப் போய் யோசிச்சா, நெஜமாவே பேசினியா, நான் கட்டினதா, ஞாபகம் வரல. பெத்த பையன் என்ன பேசினான்னு ஞாபகம் வரலன்னா அது நல்லதுக்கு இல்ல. அதான் நிறுத்திட்டேன்."

சமரசக்காரம்மா அம்மாவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். "உங்களவிட நான் நல்லாப் பண்ணிடுவேன்னு சொல்லமாட்டேன்" என்றார். "ஆனா நான் எதையும் சேர்க்கமாட்டேன். குறைக்கவும் மாட்டேன்."

"அது சுலபம்" என்றாள் அம்மா. "நீங்க அவங்களப் பெக்கல."

அதற்குப் பிறகு இன்னும் நாலு வாரம் ஆயிற்று. கூடிக் குலாவினார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு தடவை தம்பி கோபித்துக்கொண்டு பாதியில் இறங்கிப் போனான். போனவன் டைல்ஸ் கடை வாசலில் நின்று ஒரு தேநீர் குடித்துவிட்டு மேலே வந்தான். ஒரு தடவை அக்கா, கோர்ட்டுக்கே போகிறேன் என்று கைப்பையை எடுத்தாள். சமரசக்காரம்மா தடுக்கவில்லை. "போகலாம். அது உங்க உரிமை. போனா என்ன கிடைக்கணும்னு எதிர்பார்க்கறீங்க?" என்று மட்டும் கேட்டார். அக்கா யோசித்தாள். கோர்ட்டிலும் அந்தச் சீட்டு இல்லை, அந்தக் கண்ணாடி இல்லை. தான் கேட்பது கடையில் பங்கு அல்ல, தீர்ப்பு. அது எங்கேயும் கிடைக்கப் போவதில்லை. இது புரிந்ததும் மனசு அமைதியாகவில்லை. ஆனால் கைப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

கடைசியில் ஒத்துக்கொண்டது இதுதான். கீழ்க்கடை தம்பியுடையது. மாடியில் சாமான் போட்டுவைத்திருந்த அறையை அக்கா எடுத்துக்கொண்டு தன் பெயரில் கண் பரிசோதனை நடத்துவாள். மேலே பார்த்துவிட்டு யாரும் கீழேதான் வாங்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. சொல்ல வேண்டியதை நேரில் சொல்ல வேண்டும். அம்மா வழியாக, வாடிக்கையாளர் வழியாக, கணவர் வழியாகச் சொல்லக் கூடாது. ஒரு வருஷம் கழித்து மறுபடியும் இதே மேஜையில் உட்கார்ந்து, தொடரலாமா வேண்டாமா என்று பார்க்க வேண்டும். வக்கீல்கள் பார்த்தார்கள், ஒருவர் இரண்டு வார்த்தையை மாற்றினார், கையெழுத்துப் போட்டார்கள்.

மாடி அறை தயாராகும் வரை அக்கா கீழேயேதான் இருந்தாள். நேரில் பேசுவது எழுதிவைத்தபடி சுலபமாக வரவில்லை. "இந்தச் சீட்டுல என்ன எழுதியிருக்க, ஆறா எட்டா?" என்று தம்பி திரையை விலக்கிக்கொண்டு கேட்டால், அக்காவுக்குச் சுருக்கென்று வரும். "கண்ணாடிக் கடையில வேலை பாக்கறவனுக்கு இது தெரியலையா?" என்பாள். அவன் முகம் சிறுத்துப்போகும். இதையெல்லாம் அம்மா எப்படித் துவைத்துக் காயப்போட்டு மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பாள் என்று இரண்டு பேருக்குமே தெரியும். அம்மாவோ வீட்டில் சும்மா இருக்க முடியாமல் நீச்சல் வகுப்பில் சேர்ந்திருந்தாள். தினமும் ஈரத் தலையோடு போன் பண்ணி, "அங்க என்ன நடக்குது?" என்பாள். "ஒண்ணுமில்லம்மா" என்பார்கள். "ஒண்ணுமில்லன்னா ரெண்டு பேர் குரலும் ஏன் அப்படி இருக்கு?" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பரிசோதனை நாற்காலியை மாடிக்கு ஏற்றினார்கள். இரும்பு அடி, தோல் மெத்தை, பக்கவாட்டில் லென்ஸ் கருவி தொங்கும் கை. கருவியைக் கழற்றிய பிறகும் அது யானைக் கனம் கனத்தது. ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றாள் அக்கா. ஆள் வந்தால் கைப்பிடியை உடைத்துவிடுவான் என்றான் தம்பி. படி குறுகலானது. அவன் கீழே, அவள் மேலே.

"தூக்கு."

"தூக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இடது பக்கம் சாய்ச்சுக்க. உன் இடது இல்ல, என் இடது."

"மேல நிக்கிறது நான். என் இடதுதான்."

திருப்பத்தில் நாற்காலி மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. தம்பி தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு நின்றான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அக்கா கைப்பிடியை விடாமல் படியில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. நாற்காலியை விட்டுவிட்டு யாரும் எங்கேயும் போக முடியாது.

"அக்கா" என்றான் தம்பி, நாற்காலிக்கு அந்தப்பக்கமிருந்து. முகம் தெரியவில்லை. "ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"நெஜமாவே அன்னைக்கு நான்தான் தப்பாப் பொருத்தினேன்னு நினைக்கிறியா?"

அக்கா பொய் சொல்லலாமா என்று பார்த்தாள். சொல்ல வரவில்லை. "ஆமா" என்றாள்.

அவன் தோளை மாற்றிக் கொடுத்தான். "நானும் நீதான் தப்பா எழுதினன்னு நினைக்கிறேன்."

"தெரியும்."

"மாறுமான்னு தெரியல."

"எனக்கும் தெரியல." அவள் கையை மாற்றிப் பிடித்தாள். உள்ளங்கை சிவந்திருந்தது. இரண்டு வருஷமாக எதைக் கேட்டுவிடுவோமோ என்று ஓடினாளோ அதைக் கேட்டாகிவிட்டது. கூரை விழவில்லை. அவன் அங்கேயேதான் நின்றான், நாற்காலியைத் தாங்கிக்கொண்டு.

"கால் மரத்துப்போச்சு" என்றான். "சீக்கிரம் முடிவு பண்ணு. கழற்றணுமா, திருப்பணுமா?"

"முதுகுப் பகுதிய மடக்கினா திரும்பும். இரு, நான் கீழ குனிஞ்சு அந்த நெம்புகோல இழுக்கறேன். விட்டுடாத."

"விடமாட்டேன். நீ விரலக் குடுத்துடாத."

முதுகு மடங்கியது. நாற்காலி முனகிக்கொண்டு திரும்பியது. மீதிப் படிகளை அவர்கள் ஒரே மூச்சில் ஏறினார்கள். ஏறும்போது அவன் இரண்டு தடவை கத்தினான், அவள் மூன்று தடவை திட்டினாள். மேலே அறையில் புதுச் சுண்ணாம்பு வாசனை. நாற்காலியை ஜன்னல் பக்கம் போட வேண்டும் என்றான் தம்பி. வெளிச்சம் கண்ணில் அடிக்கும், கூடாது என்றாள் அக்கா. அரைமணி நேரம் அங்கேயும் இங்கேயும் நகர்த்தினார்கள். கடைசியில் அவள் சொன்ன இடத்தில், அவன் சொன்ன திசையைப் பார்த்து நின்றது. சரியாகத்தான் இருந்தது, இரண்டு பேரும் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

தம்பி கைகளைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

"நாளைக்கு எத்தன மணிக்குத் திறக்கப்போற?"

"ஒன்பதரைக்கு."

"நான் ஒன்பதுக்கே வந்துடுவேன். உன் விளக்குக்கு இன்னும் லைன் இழுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.